ஸெனான் படத்தில் கறுப்பாகத் தெரிந்தால் அங்கே துளை இல்லை என்று அர்த்தமில்லை

சியோலைட், ஏரோஜெல், சிமென்ட் என்று நுண்துளைப் பொருள்களில் ஆராய்ச்சி செய்பவர்கள் ஹைப்பர்போலரைஸ்டு ஸெனான் எம்.ஆர்.ஐ. படத்தை (அதாவது, அணுக்கருக்களின் காந்த ஒழுங்கைச் செயற்கையாகப் பல மடங்கு கூட்டிய ஸெனான் வாயுவைத் துளைகளுக்குள் செலுத்தி எடுத்த படத்தை) எடுத்துக்கொண்டு வந்து, "இங்கே பிரகாசம், துளை அதிகம், அங்கே கறுப்பு, அடைத்துக்கொண்டிருக்கிறது" என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் கறுப்புக்குக் குறைந்தது மூன்று காரணம் இருக்கலாம். வாயு அங்கே போகவே இல்லை. அல்லது போய்ச் சேர்வதற்குள் முனைவாக்கத்தை, அதாவது அணுக்கருக்கள் ஒரே திசையில் அணிவகுத்திருக்கும் அந்த ஒழுங்கை, இழந்துவிட்டது. அல்லது படமெடுக்க நாம் கொடுத்த ரேடியோ அலைப் பல்ஸே அதைத் தின்றுவிட்டது.

முதலில் ஏன் இவ்வளவு பாடு என்று பார்ப்போம். 9.4 டெஸ்லா காந்தத்தில்கூட, அறை வெப்பநிலையில் ஸெனான்-129 அணுக்கருக்களின் முனைவாக்கம் 10 லட்சத்துக்கு 9 என்ற அளவில்தான் இருக்கும். அதிலும் வாயு என்பதால் அணுக்களே குறைவு. அதனால் ரூபிடியம் ஆவியின் மேல் 795 நானோமீட்டர் லேசரை வட்ட முனைவாக்கம் செய்து (ஒளியின் மின்புலம் சுழலும்படி ஆக்கி) பாய்ச்சுகிறோம். ரூபிடியத்தின் எலக்ட்ரான் அந்த ஒழுங்கை வாங்கி, மோதும்போது ஸெனான் கருவுக்குக் கடத்துகிறது. முனைவாக்கம் 10 சதவீதம் வந்தாலே சிக்னல் 10 ஆயிரம் மடங்குக்கு மேல். இப்படி ஒளியால் ஒழுங்கை ஏற்றும் ஒளிப் பம்பிங்குக்காக இயற்பியலாளர் ஆல்ஃபிரட் காஸ்லர் 1966-இல் நோபல் வாங்கினார். 1994-இல் வந்த எலி நுரையீரல் படத்தால்தான் இந்த முறை பிரபலமானது, ஆனால் அதற்கு முன்பே, 1991-இல், பெர்க்லியில் அலெக்ஸ் பைன்ஸ் குழு லேசரால் முனைவாக்கிய ஸெனானைப் பொருள்களின் மேற்பரப்பை ஆராயப் பயன்படுத்திவிட்டது.

சிக்கல் எங்கே என்றால், சாதாரண எம்.ஆர்.ஐ. சிக்னல் மாதச் சம்பளம் மாதிரி, கொஞ்சம் காத்திருந்தால் மறுபடி வரும்; ஹைப்பர்போலரைஸ்டு சிக்னலோ ஓய்வு பெறும்போது கைக்கு வரும் பி.எஃப். பணம், செலவழித்தால் திரும்ப வராது. 10 டிகிரி பல்ஸ் (அணுக்கருக்களின் காந்தத்தன்மையை 10 டிகிரி மட்டும் சாய்ப்பது) சின்னதுதானே என்று 64 முறை கொடுத்தால், கடைசியில் மிஞ்சுவது சுமார் 37 சதவீதம், அதுவும் மற்ற இழப்புகளைக் கணக்கில் எடுக்காமல். புதிய வாயு தொடர்ந்து பாய்ந்துகொண்டிருந்தால் பரவாயில்லை. மூடிய மாதிரியில் பல்ஸ் கோணத்தைப் படிப்படியாகக் கூட்டி, கடைசிப் பல்ஸை 90 டிகிரியாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் மங்கும், மங்கலைப் பொருளின் குணம் என்று எழுதிவிடுவோம்.

அப்புறம் ஆக்சிஜன். அது பாராகாந்தத் தன்மை உடையது (ஜோடி சேராத எலக்ட்ரான்கள் இருப்பதால் சிறு காந்தம் போல நடந்துகொள்ளும்), துளைக்குள் கொஞ்சம் தங்கினாலும் முனைவாக்கத்தைச் சாப்பிட்டுவிடும். ஆகவே மாதிரியைச் சூடாக்கி வெற்றிடத்தில் நன்றாகக் காயவைத்தே ஆக வேண்டும். சாம்பல் சிமென்டில் இருக்கும் இரும்பும் இதே வேலையைத்தான் செய்கிறது, முடிந்தால் வெள்ளைச் சிமென்டில் தொடங்குங்கள்.

பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். 795 நானோமீட்டர் கண்ணுக்கு மங்கலான சிவப்பாகத்தான் படும், பெரும்பாலும் தெரியவே தெரியாது, ஆனால் லேசரின் திறன் பத்துக்கணக்கான வாட். அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அறைக்குள் போகாதீர்கள். திரவ நைட்ரஜனில் உறையவைத்த ஸெனான் மூடிய கண்ணாடிக் குழாயில் சூடேறினால் குழாய் வெடிக்கலாம்.

சரி, கறுப்பு நிஜமாகவே அடைப்பா என்று எப்படிச் சோதிப்பது? அதே மாதிரியில் முனைவாக்காத ஸெனானை அழுத்தத்தில் ஏற்றி, கொஞ்சம் ஆக்சிஜனும் கலந்து படமெடுங்கள். இங்கே ஆக்சிஜன் சாப்பிடுவதற்குச் சேமிப்பு எதுவும் இல்லை; மாறாக, அதனால் சிக்னல் சீக்கிரம் மீள்வதால் நிறைய தடவை எடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். நேரம் பிடிக்கும். அதிலும் அந்த இடம் கறுப்பாகவே இருந்தால் அடைப்பு என்று எழுதலாம்.