ஃபுட்டேஜ்: அடிக்கணக்கில் பிறந்த சொல்

ராக் இசை ரசிகர்களிடையே ஓயாத சண்டை ஒன்று உண்டு. 1971 அல்லது 1972-ல் நடந்த ஒரு கச்சேரியின் துண்டுப் படம் திடீரென்று எங்கிருந்தோ வெளிவரும். நிறம் மங்கியிருக்கும், கை நடுங்கியிருக்கும், முன்வரிசைத் தலைகள் பாதி மேடையை மறைத்திருக்கும். ஒரு கட்சி அதை ‘அசல் ஃபுட்டேஜ்’ என்று கொண்டாடும். மறு கட்சி, ‘வேறு ஊர்ப் படத்தின்மேல் இந்த ஊர்ப் பாட்டை ஒட்டியிருக்கிறார்கள்’ என்று மறுக்கும். இருவர் வாயிலும் அதே சொல்: ஃபுட்டேஜ். அது எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் அந்தச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும் என்பது என் நம்பிக்கை. அதனால்தான் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டேன்.

‘ஃபுட்’ என்றால் அடி. ‘-ஏஜ்’ லத்தீனில் தொடங்கி பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த விகுதி. மைலேஜ், போஸ்டேஜ் என்று நாம் அன்றாடம் பேசும் சொற்களில் இருப்பதும் இதுதான். அப்படியானால் ஃபுட்டேஜ் என்பது வெறும் ‘அடிக்கணக்கு’. சினிமாவுக்கு வருவதற்கு முன்பே சுரங்கத்தில் இந்தச் சொல் இருந்தது. தோண்டிய அடிக்கு இவ்வளவு என்று தொழிலாளிக்குக் கூலி கொடுக்கும் முறைக்கு அந்தப் பெயர்.

எடிசனின் ஆய்வகத்தில் உருவான 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம், அதாவது 16 தனிப்படங்கள். ஊமைப்பட நாட்களில் நொடிக்கு 16 ஃப்ரேம் என்ற கணக்கில் ஓட்டினால் ஒரு நொடிக்கு ஓர் அடி. பேசும்படம் வந்து வேகம் 24 ஃப்ரேமாக நிலைத்ததும் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஆயிற்று. கச்சா ஃபிலிம் வாங்குவது அடிக்கணக்கில், லேபில் கழுவக் கொடுப்பது அடிக்கணக்கில், தயாரிப்பாளருக்குச் செலவுக் கணக்கு காட்டுவதும் அடிக்கணக்கில். ‘இன்று எத்தனை அடி எடுத்தீர்கள்?’ என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் எடுத்த படத்துக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது.

இதற்கு நம் இலக்கணத்தில் பெயர் தயாராக இருக்கிறது: நீட்டலளவை ஆகுபெயர். துணிக்கடையில் ‘இரண்டு மீட்டர் கொடுங்கள்’ என்றால் மீட்டர் துணியைக் குறிக்கிறது. அளவின் பெயர் அளக்கப்பட்ட பொருளுக்கு ஆகிவந்திருக்கிறது. ஃபுட்டேஜும் அப்படியே. இலக்கண வகுப்போடு நாம் விட்டுவிட்ட ஒரு பாடம் சினிமாத் தொழிலின் நடுவில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

தமிழ் சினிமாவும் படத்தை அடியால்தான் அளந்தது. பதினான்காயிரம் அடி, பதினாறாயிரம் அடி என்றுதான் அந்தக் காலத்துப் படங்களின் நீளத்தைச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கச்சா ஃபிலிம் தட்டுப்பாடு வந்தபோது, எந்தப் படமும் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. மேலே சொன்ன கணக்கில் வகுத்தால் அது இரண்டு மணி நேரமும் இரண்டு நிமிடமும். பாட்டுக்கு மேல் பாட்டாக நீண்டுகொண்டிருந்த படங்கள் சட்டென்று சுருங்கியதில் இந்த அடிக்கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்று நம் பேச்சில் ஃபுட்டேஜ் வேறு பொருளும் எடுத்திருக்கிறது. ‘அவருக்குத்தான் ஃபுட்டேஜ் ஜாஸ்தி’ என்றால் திரையில் அவர் அதிக நேரம் வருகிறார் என்று அர்த்தம். அளவைக் குறித்த பழைய பொருள் அதில் இன்னும் உயிரோடு இருக்கிறது. செய்திகளில் வரும் ‘சிசிடிவி ஃபுட்டேஜ்’ அப்படியல்ல. அங்கே அடியும் இல்லை, ஃபிலிமும் இல்லை. வெட்டாத, தொகுக்காத, எடுத்தது எடுத்தபடியான பதிவு என்பதுதான் அங்கே பொருள். ராக் ரசிகர்களின் சண்டை நடப்பது இந்த இரண்டாம் பொருளில். ஆனால் சண்டையைத் தீர்க்க உதவுவது முதல் பொருள்.

சூப்பர் 8 என்ற சிறிய ஃபிலிமை எடுத்துக்கொள்வோம். 1965-ல் கோடக் கொண்டுவந்தது. கச்சேரிக்குப் போன ரசிகர் கோட்டுப் பைக்குள் ஒளித்து எடுத்துப்போன கேமராக்களில் பெரும்பாலும் இதுதான் இருந்தது. ஒரு கேட்ரிட்ஜ் 50 அடி. ஓர் அடிக்கு 72 ஃப்ரேம், ஆக மொத்தம் 3,600 ஃப்ரேம். வழக்கமான 18 ஃப்ரேம் வேகத்தில் எடுத்தால் 3 நிமிடம் 20 நொடியில் தீர்ந்துவிடும். 24 ஃப்ரேம் வேகத்தில் என்றால் இரண்டரை நிமிடம். பிறகு இருட்டில் புதுக் கேட்ரிட்ஜ் மாற்ற வேண்டும், அதற்குள் பாட்டு போய்விடும். அதனால்தான் அந்தக் காலத்து ரசிகர் படங்கள் பத்து நொடி, இருபது நொடித் துண்டுகளாக இருக்கின்றன. கையில் இருந்த 50 அடியை அவர்கள் சில்லறைக் காசு எண்ணுவதுபோல் எண்ணிச் செலவழித்தார்கள். இப்போது ஒருவர் ‘1971 சூப்பர் 8’ என்று சொல்லி, ஒரே ஓட்டமாக எட்டு நிமிடம் ஓடும் படத்தைக் காட்டினால் முதல் கேள்வி அடியைப் பற்றித்தான் இருக்க வேண்டும். எத்தனை அடி இது? எந்தக் கேட்ரிட்ஜில் அடங்கும்?

அதே படத்தில் உதட்டசைவோடு பொருந்திய ஒலியும் வந்தால் இரண்டாவது கேள்வி. ஒலி பதியும் சூப்பர் 8 ஃபிலிம் 1973-ல்தான் விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்தைய கச்சேரி என்றால் ஒலி வேறு இடத்திலிருந்து வந்தது உறுதி. உடனே ‘போலி’ என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. அதே இரவில் அதே அரங்கில் இன்னொரு ரசிகர் டேப் ரெக்கார்டரில் பதிந்திருக்கலாம். பின்னாளில் யாரோ பொறுமையாக உட்கார்ந்து டிரம்ஸ் அடிக்கும் கையையும் கிட்டார் பலகையில் நகரும் விரலையும் பார்த்துப் பார்த்து இரண்டையும் இணைத்திருக்கலாம். ரசிகர்கள் இதைத்தான் ‘சிங்க்’ என்கிறார்கள். அது அன்பினால் செய்யும் வேலை. நான் மதிக்கும் வேலை. ஆனால் இணைத்தவர் அதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அடுத்தவர் அதை நகலெடுக்கும்போது அது ‘ஒலியோடு கிடைத்த அசல்’ ஆகிவிடுகிறது.

வேகத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 24 ஃப்ரேம் வேகத்தில் எடுத்ததை ஐரோப்பியத் தொலைக்காட்சியின் 25 ஃப்ரேமுக்கு மாற்றும்போது படம் 4 சதவீதம் வேகமாக ஓடும், சுருதி ஏறத்தாழ முக்கால் அரைச்சுரம் ஏறிவிடும். ‘பாடகரின் குரல் இப்படி இருக்காது, இது போலி’ என்று காது கூர்மையான ஒருவர் சொல்வார். அவர் காது சொன்னது சரி, முடிவு தவறு.

காலத்தைக் கணிக்க மேடையில் யார் நிற்கிறார்கள் என்பதே போதுமான இடங்களும் உண்டு. லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் பீட்டில்ஸ் பாடுவதை கிரனாடா தொலைக்காட்சி 1962 ஆகஸ்ட் 22-ல் படம்பிடித்தது. டிரம்ஸில் ரிங்கோ ஸ்டார். அவருக்கு முன் டிரம்ஸ் வாசித்த பீட் பெஸ்ட் நீக்கப்பட்டது ஆகஸ்ட் 16, ரிங்கோ சேர்ந்தது ஆகஸ்ட் 18. அந்தப் பதிவின் முடிவில் கூட்டத்திலிருந்து ஒரு குரல், ‘எங்களுக்கு பீட் வேண்டும்’ என்று கூவுகிறது. தேதிச் சீட்டே இல்லாமல் இந்தத் துண்டு நமக்குக் கிடைத்திருந்தாலும், அந்த ஒரு கூவல் அதை அந்த மாதத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். வேறு எந்தக் காலத்தில் யார் அப்படிக் கூவியிருப்பார்கள்?

இனி கடினமான வகை. லெட் செப்பலின் என்ற ராக் குழு 1973 ஜூலையில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மூன்று இரவுகள் வாசித்ததைப் படம்பிடித்தார்கள். தொகுக்க உட்கார்ந்தபோது பல இடங்களில் காட்சியே இல்லை. அதனால் 1974 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் அதே மேடையை மறுபடி அமைத்து, பழைய ஒலிப்பதிவுக்கு ஏற்ப வாசிப்பதுபோல் நடித்து இடைவெளிகளை நிரப்பினார்கள். குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ஜான் பால் ஜோன்ஸ் அதற்குள் முடியைக் குறைத்திருந்ததால் விக் வைத்துக்கொண்டார். 1976-ல் படம் வெளிவந்தபோது திரையில் எல்லாமே நியூயார்க். இதைப் போலி என்பதா? வாசித்தவர்கள் அவர்களேதான், ஒலி அந்த இரவுகளுடையதுதான், ஃபிலிமும் உண்மையான ஃபிலிம்தான். ஆனால் அந்த ஷாட்டுகள் அந்த இரவைப் பார்க்கவில்லை.

ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் தேடித் தடுமாறுகிறார்கள். தமிழில் ஒரு சொல் பல காலமாகக் காத்திருக்கிறது: இடைச்செருகல். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள், மூல ஆசிரியர் எழுதாமல் பின்னால் நுழைந்த பாடலை அப்படித்தான் அழைத்தார்கள். செருகியவர் கெட்டவர் என்று அந்தச் சொல் சொல்வதில்லை. இது மூலத்தோடு பிறந்ததல்ல என்று மட்டும் சொல்கிறது. ஷெப்பர்டன் காட்சிகள் இடைச்செருகல். ராக் ரசிகர்களின் வாதத்தில் இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் கண்டதில்லை.

சுவடிப் புலமையிடம் கற்க இன்னொன்றும் இருக்கிறது. அங்கேயும் அளவு அடிதான்! குறுந்தொகைப் பாட்டு என்றால் 4 முதல் 8 அடி, நற்றிணை 9 முதல் 12, அகநானூறு 13 முதல் 31. அடி எண்ணிக்கையே ஒரு பாட்டுக்கு அடையாளச் சீட்டு. ஆனால் குறுந்தொகையில் 307, 391 ஆகிய இரு பாடல்கள் 9 அடியில் இருக்கின்றன. அதற்காக அவற்றைத் தூக்கி எறிந்துவிடவில்லை. ஏன் இப்படி என்று கேட்டார்கள். கணக்குக்கு ஒத்துவராத சூப்பர் 8 துண்டையும் அப்படித்தான் அணுக வேண்டும். 1970களின் நடுவில் 200 அடி கேட்ரிட்ஜும் வந்தது. ஒருவேளை ஆண்டுதான் தவறாக எழுதப்பட்டிருக்குமோ என்று பார்க்க வேண்டும்.

பீட்டில்ஸ் 1969 ஜனவரியில் ஒத்திகை பார்த்ததை எடுத்த 16 மி.மீ. பதிவு சுமார் 60 மணி நேரம். ஓர் அடிக்கு 40 ஃப்ரேம், நிமிடத்துக்கு 36 அடி என்று வைத்தால் ஏறத்தாழ 1,29,600 அடி. நாக்ரா கருவியில் தனியே பதிந்த ஒலி இன்னும் அதிகம், சுமார் 150 மணி நேரம். இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 2021-ல் அதைத் தொடராக்கியபோது, ஒலி மட்டும் இருந்த இடங்களை வேறு தருணங்களின் காட்சியால் மூட வேண்டியிருந்தது. ஃபிலிமில் பொடிப்பொடியாகத் தெரியும் குருணையை நீக்கிப் பளபளப்பாக்கியதில் சில முகங்கள் மெழுகுபோல் ஆகிவிட்டன என்ற குறையும் ரசிகர்களிடம் உண்டு. எனக்கும் அது உறுத்தியது.

அதைவிடப் பெரிய உறுத்தல், இப்போது யாருடைய கணினியும் செய்யும் வேலை. 18 ஃப்ரேம் படத்தை நொடிக்கு 60 ஃப்ரேமாக மாற்றுகிறார்கள். அதாவது இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே கேமரா எடுக்காத ஃப்ரேம்களை மென்பொருள் கற்பனை செய்து நுழைக்கிறது. இதுவும் இடைச்செருகல்தான், மூலத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடைச்செருகல். பார்க்க அழகாக இருக்கலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு, ‘கிட்டார்க்காரரின் விரல் இங்கே இந்தக் கட்டையில் இருக்கிறது பார்’ என்று யாரும் சாட்சி சொல்ல முடியாது. அந்த விரலை வரைந்தது மென்பொருள்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

செய்தித்தாள்கள் ‘காட்சிகள்’ என்று எழுதுகின்றன: ‘கண்காணிப்பு கேமரா காட்சிகள் வெளியாகின’. நாடகத்தின் காட்சி, சினிமாவின் முதல் காட்சி, இரவுக் காட்சி என்று பல இடத்தில் உழைக்கும் சொல் அது. நடித்துக் காட்டியதும் காட்சி, நடந்ததைப் பதிந்ததும் காட்சி என்றால் ஷெப்பர்டனையும் நியூயார்க்கையும் எப்படிப் பிரிப்பது? ‘காணொளி’ வீடியோவுக்கு நன்றாகப் பொருந்திவிட்டது. ஆனால் தொகுத்து முடித்ததும் காணொளிதான், தொகுக்காததும் காணொளிதான்.

நான் தேர்ந்தெடுப்பது ‘காட்சிப்பதிவு’. இதில் வேலை செய்வது பின்பகுதி. பதிதல் என்றால் ஒன்றின் மேல் இன்னொன்றின் அச்சு விழுவது. ஈர மணலில் கால் பதிவதுபோல, மேடையின் ஒளி ஃபிலிமில் பதிகிறது. எதிரே நின்றது எதுவோ அதுதான் பதியும். மென்பொருள் கற்பனை செய்த ஃப்ரேமில் எதுவும் பதியவில்லை, அதனால் அதைப் பதிவு என்று அழைக்கச் சொல்லே இடம் கொடுக்காது. ஃபிலிமையே குறிப்பிட வேண்டிய இடத்தில் ‘படச்சுருள்’, அளவைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘அடியளவு’. திரையில் வரும் நேரத்தைச் சொல்லும் பேச்சு வழக்குக்கு ஃபுட்டேஜே இருந்துவிட்டுப் போகட்டும்.

‘ஆர்க்கைவல் ஃபுட்டேஜ்’ என்பதற்கு ‘காப்பகக் காட்சிப்பதிவு’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். புலிகளுக்கும் குழந்தைகளுக்கும் காப்பகம் இருப்பதால் ‘ஆவணக் காப்பகப் பதிவு’ என்பது தெளிவு. ஆனால் வீட்டுப் பரணிலிருந்து கிடைத்த சுருளை அப்படி அழைக்கக் கூடாது. அது ‘பழைய காட்சிப்பதிவு’, அவ்வளவே. காப்பகம் என்ற பெயர் ஏறியதும் யாரோ சரிபார்த்துவிட்டார்கள் என்ற நம்பிக்கையும் கூடவே ஏறிவிடுகிறது.

இந்தச் சொல்லைத் தேடியபோது இன்னொன்று கண்ணில் பட்டது. தமிழில் ‘அளவை’ என்றால் அளக்கும் கருவி. மெய்யை நிறுவும் வழிக்கும் அதே பெயர்தான். அப்படிப்பட்ட அளவைகளை மணிமேகலை எண்ணும்போது ‘காண்டல்’ முதலில் வருகிறது, ‘கருதல்’ அடுத்து. கண்ணால் பார்ப்பது காண்டல், பார்த்ததை வைத்து ஊகிப்பது கருதல். ரசிகர் சண்டைகளில் பெரும்பாலானவை கருதலைக் காண்டல் என்று நினைப்பதால் வருகின்றன.

தொடக்கத்தில் சொன்ன அந்தத் துண்டுப் படம் என் கைக்கு வந்தால் அதன் கீழே இப்படி எழுதுவேன்: ‘பார்வையாளர் எடுத்த சூப்பர் 8 காட்சிப்பதிவு. சுருளின் அடியளவு 50, ஒலியில்லாதது. ஒலி அதே இரவின் வேறொரு ஒலிநாடாவிலிருந்து பின்னர் இணைக்கப்பட்டது. மூன்றாவது நிமிடத்தில் வரும் கூட்டத்தின் காட்சி இடைச்செருகல்.’