கன்று வாங்குவதற்கு முன் ஒரு மழைக்காலம்

"பழத்தோட்டம் போடலாம்னு இருக்கேன், என்னென்ன கன்னு வாங்கட்டும்?" முக்கால்வாசிப் பேர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். பெர்மாகல்ச்சர் முறையில், அதாவது இயற்கையின் போக்கைப் பார்த்து நீடித்து நிற்கும்படி, தோட்டம் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். கன்றுப் பட்டியல் கடைசியில்தான் என்றால் முகம் சுருங்கிவிடும். சிலர் அதற்குள் ஒரு வண்டி கன்றை இறக்கியே வைத்திருப்பார்கள்.

ஆஸ்திரேலியப் பண்ணைக்காரர் பி. ஏ. இயோமன்ஸ் 1950-களிலேயே இதற்கு ஒரு வரிசை சொன்னார். மாற்றவே முடியாததில் தொடங்கி, எளிதில் மாற்றக்கூடியதை நோக்கி வர வேண்டும். முதலில் தட்பவெப்பம், அடுத்து நிலத்தின் அமைப்பு, தண்ணீர், பாதை, அப்புறம்தான் மரம். 1970-களில் பில் மொல்லிசனும் டேவிட் ஹோம்கிரெனும் பெர்மாகல்ச்சரை உருவாக்கியபோது இந்தச் சிந்தனையும் அதற்குள் வந்து சேர்ந்தது.

அதனால் நான் கொடுக்கும் முதல் வேலை, மழை பெய்யும்போது குடையோடு நிலத்தைச் சுற்றி வருவது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே மண்ணை அரித்துக்கொண்டு போகிறது, மறுநாள் எங்கே கால் புதைகிறது? எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கரில் 10 மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 40,000 லிட்டர். சாதாரண மழையே இவ்வளவு கொண்டுவந்து கொட்டுகிறது. அதை ஓட விட்டுவிட்டு சொட்டுநீர்க் குழாய்க்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்போம்.

சரிவான நிலத்தில் ஓடும் தண்ணீரை நிறுத்த, சம உயரக் கோட்டில் அகழி வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போடலாம். சம உயரம் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒரே நீளமுள்ள இரண்டு கம்புகளை மேலே சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்குக் கட்டை வைத்து, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கயிறு குறுக்குக் கட்டையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. கால்களை இடம் மாற்றி அதே இரண்டு புள்ளிகளில் ஊன்றி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் கயிறு நிற்கும்போது இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன.

வரப்பு போட்டால் கலிங்கும் வைக்க வேண்டும். அகழி நிரம்பிய பிறகு மிச்சத் தண்ணீர் எங்கே வழிய வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யாவிட்டால் தண்ணீர் முடிவு செய்துவிடும். என் முதல் வரப்பு அப்படித்தான் ஒரே இரவில் உடைந்து, கீழே நட்டிருந்த கன்றுகளையும் இழுத்துக்கொண்டு போனது. செங்குத்தான சரிவில் இந்த வேலையே வேண்டாம். ஊறிய மண் மொத்தமாகச் சரிய வாய்ப்பு உண்டு.

சரி, மரத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் ராபர்ட் ஹார்ட் தன் தோட்டத்தை ஏழு அடுக்குக் காடாக வளர்த்தார். உயர்ந்த மரத்திலிருந்து மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு வரை, அதோடு கொடியும் சேர்த்து. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஏழையும் ஒரே வருடத்தில் ஒரே இடத்தில் திணிப்பவர்கள் நிறைய. கன்று முழங்கால் உயரம் இருக்கும்போது இடைவெளி பாலைவனம் மாதிரித்தான் தெரியும். காகிதத்தில் வட்டம் போடும்போது பத்து வருடம் கழிந்த மரத்தின் விரிவை வைத்துப் போடுங்கள். இடையில் கிடக்கும் வெயிலுக்கு பப்பாளி, வாழை, பயறு என்று குறுகிய ஆயுள்காரர்களை அனுப்பலாம். பெரிய மரம் குடை விரிக்கும்போது அவர்கள் விடைபெற்றிருப்பார்கள்.

அகத்தி, கிளைரிசிடியா மாதிரி காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடிக்கும் மரங்களைப் பழமரத்துக்குப் பக்கத்தில் நடச் சொன்னால் நட்டுவிடுகிறார்கள். வெட்டுவதற்குத்தான் மனசு வருவதில்லை. அது சும்மா நின்றால் பக்கத்து மரத்துக்குப் பெரிதாக ஒன்றும் போய்ச் சேராது. கிளையை வெட்டித் தரையில் போட்டு, இலை மக்கி, உள்ளே சில வேர்களும் செத்தால்தான் சத்து கைமாறும். அரிவாள் எடுக்காதவர்களின் தோட்டத்தில் கிளைரிசிடியா நன்றாக இருக்கும், கொய்யா நிழலில் வாடும்.

'கை வைக்காமல் விட்டால் இயற்கை பார்த்துக்கொள்ளும்' என்பவர்களுக்கு ஜப்பானின் இயற்கை விவசாயி மசனோபு ஃபுகுவோகாவின் அனுபவத்தைச் சொல்வேன். அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தை அவர் கவாத்து செய்யாமல், கிளை எதையும் வெட்டாமல் அப்படியே விட்டார். கிளைகள் பின்னிக்கொண்டன, பூச்சி விழுந்தது, மரங்கள் செத்தன. ஒருமுறை கத்தி பட்டு வளர்ந்த மரம் தானாகப் பழைய வடிவத்துக்குத் திரும்பாது என்பதை அவர் அப்படித்தான் கண்டுகொண்டார்.

மூடாக்கிலும் ஒரு தப்பு அடிக்கடி கண்ணில் படுகிறது. வைக்கோலையும் சருகையும் தண்டோடு அணைத்துக் குவித்துவிடுவார்கள். விரலால் விலக்கிப் பார்த்தால் பட்டை ஈரத்தில் கறுத்து, நகம் பட்டதும் உரியும். தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிட்டு, அதற்கு வெளியே நான்கு விரல் கனத்துக்குப் போடுங்கள்.

கன்று வாங்கும் நாளில் இலையைப் பார்க்காதீர்கள், பையைக் கிழித்து வேரைப் பாருங்கள். மூன்று வருடமாக வளராமல் நின்ற ஒரு மாங்கன்றை ஒரு தோட்டத்தில் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. பிளாஸ்டிக் பை போய் மூன்று வருடமாகியும் வேர் இன்னும் பையின் வடிவத்திலேயே உருண்டை கட்டியிருந்தது. பைக்குள் சுற்றிய வேரை நடும்போதே பிரித்துவிட வேண்டும், பிரியாததை வெட்டிவிட வேண்டும். பெரிய கன்றைவிடச் சின்னக் கன்று மேல் என்று நான் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

வண்டியில் கன்று இறக்கியவர்களைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அவர்களில் ஒருவரைக் கெஞ்சாத குறையாகச் சம்மதிக்க வைத்து, எல்லாக் கன்றுகளையும் பெரிய பைக்கு மாற்றி நிழலில் வைத்தோம். தாழ்ந்த மூலையில் ஐம்பது பப்பாளி நடுவது அவர் திட்டம், அங்கே மண் கறுப்பாக இருந்ததால். அந்த மழைக்காலத்தில் அதே மூலையில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. இரண்டு நாள் வேர் மூழ்கினாலே பப்பாளி தாங்காது. இப்போது அங்கே ஒரு குட்டை இருக்கிறது. பப்பாளி மேட்டில் காய்த்துக்கொண்டிருக்கிறது.