எந்த மாதத்துக்கு எந்தக் கடல்?

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ட்ரிப் போக வேன் பேச வருகிறவர்கள் முதலில் கேட்பது வாடகையைத்தான். நான் முதலில் கேட்பது, எந்த மாதம் போகிறீர்கள் என்று. இருபது வருடமாகச் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் காற்று எப்போது மாறும், எந்தப் பக்கக் கடல் எப்போது அடங்கும் என்று விசாரித்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். இந்த இலங்கைத் தீவிலேயே பிறந்து வளர்ந்த நம் ஆட்கள் லீவு கிடைத்ததும் பஸ் ஏறிவிடுகிறார்கள், ஓகஸ்ட் மாதமாக இருந்தாலும் தெற்குக் கடற்கரைக்குத்தான் போகிறார்கள். இது எனக்கு ரொம்ப காலமாக மனசில் கிடக்கிற கவலை, அதனால்தான் எழுதுகிறேன்.

கணக்கு சிக்கலானது இல்லை. மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஜூன், ஜூலையில் வட்டவளையிலும் நோட்டனிலும் மழை விடாமல் கொட்டுகிறதே, அந்த மழையை மலைக்குத் தள்ளிக்கொண்டு வரும் அதே காற்றுதான் ஹிக்கடுவை, உனவட்டுன, மிரிஸ்ஸ கடலையும் கொந்தளிக்க வைக்கிறது. அந்த நேரத்தில் மலைக்கு மறுபக்கம், திருகோணமலையிலும் பாசிக்குடாவிலும் கடல் குளம் மாதிரி கிடக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை அப்படியே தலைகீழ். வடகீழ்ப் பருவக்காற்றில் பதுளைப் பக்கம் மழை, கிழக்குக் கடல் பொங்கும், தெற்கும் மேற்கும் அடங்கியிருக்கும். ஆக, நம் தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் படங்குக்குள் நனைகிற மாதத்தில் காலிப் பக்கம் குளிக்கப் போகாதீர்கள் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் புரியும். ஏப்ரலில் இரண்டு பக்கமும் பெரும்பாலும் பரவாயில்லை, ஆனால் பின்னேரத்தில் இடி மின்னல் வரும், முதல் இடி கேட்டதுமே தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பாடசாலை ட்ரிப். ஓகஸ்ட் மாதம், தெற்கில் ஒரு கடற்கரை. வேண்டாம் என்று நான் சொன்னேன், பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று டீச்சர் சொன்னார், நானும் விட்டுக் கொடுத்துவிட்டேன். அது என் தப்பு. அலை பெரிதாக உடைகிற இடத்துக்குப் பயந்துகொண்டு பிள்ளைகள் பக்கத்தில் அமைதியாகத் தெரிந்த இடத்தில் இறங்கினார்கள். அந்த அமைதியான இடம்தான் ஆபத்து. கரைக்கு வந்து சேர்ந்த தண்ணீர் எல்லாம் ஒரு ஒடுங்கிய வழியாகத் திரும்பி ஓடும்போது அந்த இடத்தில் அலை உடையாது, பார்க்க ஆழமான வாய்க்கால் மாதிரி கொஞ்சம் கருப்பாகத் தெரியும், சில நேரம் மணல் கலங்கிப் போகும். பதினொராம் வகுப்புப் பையன் ஒருவனை அது ஐந்தாறு நிமிடத்துக்குள் வெளியே கொண்டுபோய்விட்டது. அவன் கரையைப் பார்த்து நீந்தி நீந்திக் களைத்துப்போனான். வலை காயவைத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் மோட்டார் டயர் டியூபோடு பாய்ந்து கொண்டுவந்து சேர்த்தார். அன்றைக்குப் பிள்ளை உயிரோடு வீடு திரும்பினான், அவ்வளவுதான் எனக்குச் சொல்ல முடிகிறது.

பீலியிலும் ஆற்றிலும் குளித்துப் பழகிய உடம்பு நமக்கு. ஆற்றில் இழுத்தால் கரையைப் பார்த்துக் கை போடுவோம். கடலில் அது சரிவராது. இழுவையில் அகப்பட்டால் அதை எதிர்த்து நீந்தாதீர்கள், கரைக்குப் பக்கவாட்டாக, அலை உடைகிற பக்கம் நகருங்கள், அப்புறம் அலையோடு சேர்ந்து உள்ளே வரலாம். நீந்தத் தெரியாதென்றால் மல்லாந்து மிதந்துகொண்டு கையை உயர்த்திக் காட்டுங்கள். இழுவை ஆளைக் கீழே அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். கரையில் நிற்பவர்கள் வெறுங்கையோடு பாயக்கூடாது, காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போன வீடுகள் உண்டு. ஒரு பெரிய காலிக் கேனை மூடி இறுக்கி எறிந்தாலும் மிதக்கும், பிடித்துக்கொள்ளலாம். சேலை, நீளப்பாவாடை, ஜீன்ஸ் எல்லாம் நனைந்தால் கல் மாதிரி. குடித்துவிட்டு இறங்கவே கூடாது, இதை நான் இனி வாடகை பேசும்போதே சொல்லிவிடுகிறேன். அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119.

சரி, அப்போ ஓகஸ்ட்டில் எங்கே போவது? கிழக்குக்கு. சின்னப் பிள்ளைகள் இருந்தால் பாசிக்குடா, அங்கே வெகுதூரம் நடந்து போனாலும் இடுப்பளவு தண்ணீர்தான். ஆனால் அதைப் பார்த்த தைரியத்தில் மட்டக்களப்பு கல்லடியில் இறங்கிவிடாதீர்கள், அது திறந்த கடல். திருகோணமலையில் நிலாவெளி, புறாத்தீவு. புறாத்தீவில் பவளப்பாறை இருக்கிறது, அது கல் இல்லை, உயிர், ஏறி நின்றால் செத்துப்போகும். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்தார்கள், அந்தக் கல்லும் அங்கே அவர்கள் கட்டிய கோட்டைக்குப் போனது. இன்றைக்கும் கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் கோட்டை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். பிள்ளைகளுக்கு அந்த வாசலில் நின்றே கதையைச் சொல்லுங்கள்.

டிசெம்பர் லீவு என்றால் காலி. 1505இல் வந்த போர்த்துக்கேயர் பிறகு அங்கே கோட்டை கட்ட ஆரம்பித்தார்கள், 1640இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் இப்போது நாம் பார்க்கும் பெரிய மதிலாக எழுப்பினார்கள், 1988 முதல் அது உலக மரபுரிமைச் சின்னம். மதிலில் ஏறி நின்று செல்பி எடுப்பதோடு முடித்துக்கொள்ளாதீர்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த ஒரு கல்வெட்டு 1911இல் காலியில்தான் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில், 1409 என்ற ஆண்டோடு. அதன் தமிழ்ப் பகுதி மாத்தறைக்குப் பக்கத்துத் தெய்வந்துறையில் (தெவிநுவர) இருந்த தென்னாவரம் கோயில் கடவுளைப் பாடுகிறது. சிங்கள ஊர் என்று நாம் நினைக்கிற தென்கோடியில் 600 வருடத்துக்கு முன் தமிழிலும் எழுதினால்தான் துறைமுகத்துக்கு வருகிறவர்களுக்குப் புரியும் என்று ஒரு சீனக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கல் இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது, போகிற வழியில் பார்க்கலாம். தெற்குக்குப் போகும்போது பெரலிய நினைவிடத்திலும் வண்டியை நிறுத்துகிறேன். 2004 டிசெம்பர் 26 சுனாமியில் அங்கே ஒரே ரயிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால் சிப்பி பொறுக்க ஓடக்கூடாது, மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதைப் பிள்ளைகள் அந்த இடத்தில் நின்று கேட்டால் மறக்கமாட்டார்கள்.

யாரும் கேட்காமலே நான் சொல்லும் ஊர் ஒன்று இருக்கிறது, மன்னார். குளிப்பதற்கு இல்லை. நம் பாட்டன் பூட்டன்மார் இந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்த வழி அது. தோணியில் வந்து இறங்கி, காட்டு வழியே, தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தே மலைக்கு ஏறினார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே எத்தனையோ பேர் போய்விட்டார்கள். 2023இல், வந்து 200 வருடமான நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் திரும்பவும் நடந்தார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் கப்பல் ஏறியதும் தலைமன்னாரில்தான். ஒரு முறை மஸ்கெலியாப் பக்கத்துக் குடும்பம் ஒன்றைக் கூட்டிப் போனேன். கப்பல் ஏறுகிற பழைய இறங்குதுறைப் பாலத்தடியில் அந்த வீட்டுப் பாட்டி என்னிடம் ராமேஸ்வரம் எந்தப் பக்கம் தம்பி என்று கேட்டார். கை காட்டினேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது மதவாச்சி தாண்டியதும்தான், தன் அக்கா அங்கே கப்பல் ஏறியதை, ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு தான் கூடவே ஓடியதை எல்லாம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல ஆரம்பித்தார். அவர்கள் அதுவரை அந்த அக்காவின் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

மன்னாருக்கு ஒரே நாளில் போய்வர நினைக்காதீர்கள், அநுராதபுரத்தில் ஓர் இரவு தங்குங்கள், டிரைவரும் தூங்கட்டும். வெயில் கடுமை, தண்ணீர் கூடவே இருக்கட்டும். ஜனவரி, பெப்ரவரியில் போனால் வங்காலைப் பக்கம் பூநாரைகளும் தெரியும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முன் சீட்டை அவர்களுக்கு விடுங்கள்.