தொடாமல் சுமக்கும் பேரிங்

பழைய டீசல் ஜீப் ஒன்றின் அடியில் மல்லாந்து படுத்து, எண்ணெய் தங்கும் அடித்தொட்டியான ஆயில் சம்ப்பை இறக்கி, பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் மூடியில் இரண்டு நட்டுகளை அவிழ்த்தால் பேரிங் ஷெல் கையோடு வந்துவிடும். அரைவட்டமாக வளைந்த மெல்லிய தகடு, அவ்வளவுதான். எஞ்சினை இறக்க வேண்டாம், லேத் பட்டறைக்கு அலைய வேண்டாம். நண்பர் ஒருவர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நான்கு ராடுகளுக்கும் இப்படிப் புது ஷெல் போட்டார். தேய்ந்த பேரிங்கின் டொக் டொக் சத்தம் அன்று மாலையே நின்றது. ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. அப்புறம் கிராங்க் ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

பேரிங் என்றதும் சைக்கிள் குண்டுகள் நினைவுக்கு வரும். இதில் குண்டே கிடையாது. வழவழப்பான எஃகுத் தண்டு, அதைச் சுற்றி ஷெல், நடுவில் எண்ணெய். 80 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனில் எரியும் வாயுவின் அழுத்தம் 70 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) என்றாலே மூன்று டன்னுக்கு மேல் சுமை அந்தச் சின்னத் தகட்டின் மேல் இறங்கும். அப்படியும் ஓடும்போது இரண்டு உலோகங்களும் தொடுவதில்லை.

இது முதலில் தற்செயலாகத்தான் தெரியவந்தது. 1883-இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். அச்சின் அடிப்பாகம் எண்ணெயில் மூழ்கிச் சுழன்றது. எண்ணெய் விடலாம் என்று பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். ஓடவிட்டதும் எண்ணெய் அந்தத் துளை வழியாக மேலே பொங்கியது. மர ஆப்பு வைத்து அடைத்தார்; ஆப்பையும் தள்ளிவிட்டது. அழுத்தமானியைப் பொருத்தியபோது, சுமையின் சராசரி அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பேராசிரியர் இதற்குக் கணக்கு எழுதினார். சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துப்போய், குறுகிக்கொண்டே வரும் இடுக்குக்குள் திணிக்கிறது. அந்தத் திணிப்பில் எழும் அழுத்தம்தான் சுமையைத் தாங்குகிறது. ஆயில் பம்ப் தருவது மூன்று நான்கு பார். தண்டுக்கும் ஷெல்லுக்கும் நடுவே உள்ள எண்ணெய்ப் படலத்துக்குள் அது சில நூறு பார் ஆகிவிடும். பம்ப் எண்ணெய் கொடுப்பதோடு சரி, தூக்குவது தண்டின் சுழற்சிதான்.

ஆகவே எல்லாம் அந்த இடுக்கின் வடிவத்தில் இருக்கிறது. 50 மி.மீ. தண்டுக்கு இடைவெளி சுமார் 0.03 முதல் 0.06 மி.மீ. வரை. இடைவெளி இரண்டு மடங்கானால் ஓரங்களில் கசியும் எண்ணெய் இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு. தேய்ந்த எஞ்சினில் ஐடிலிங்கின்போது, அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது, ஆயில் பிரஷர் விழுவது இதனால்தான். கனமான எண்ணெய் ஊற்றினால் பிரஷர் முள் கொஞ்சம் ஏறும். தேய்மானம் அப்படியே இருக்கும்.

நண்பர் மாற்றியது ஷெல்லை மட்டும். தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது கிராங்க் ஷாஃப்ட்டின் ‘பின்’, அதாவது ராடு கவ்விப் பிடிக்கும் உருளைப் பகுதி. அதன் மேல் கீறல்களை உப்புத்தாளால் வேறு தேய்த்திருந்தார். கையால் தேய்த்து வட்டத்தைக் கொண்டுவர முடியாது. உதிர்ந்த துகள்கள் ஷெல்லின் மென்மையான மேல்பூச்சில் பதிந்து, பிறகு தண்டையே அரம்போல் அறுக்கும்.

இதைவிட மோசமானது ஷெல்லுக்குப் பின்னால் தகரத்தாள் சொருகுவதும் மூடியை அரத்தால் ராவுவதும். ஷெல்லின் இரு நுனிகளும் மூடியின் விளிம்பைவிட ஒரு மயிரளவு நீட்டிக்கொண்டிருக்கும். முடுக்கும்போது அந்த மிச்சம் நசுங்கி, ஷெல் ராடோடு இறுக ஒட்டும். சூட்டில் ஒரு பகுதியும் அந்த வழியாக வெளியேறும். தாள் நடுவே வந்தால் ஒட்டு போகும். மூடியை ராவினால் துளை வட்டமாக இருக்காது. ஒரு ராடின் மூடியை இன்னொன்றுக்கு மாற்றிப் போடுவதும் அதே வம்பு, ஏனென்றால் ராடையும் மூடியையும் சேர்த்து வைத்துத்தான் துளையைக் கடைகிறார்கள்.

வீட்டில் செய்யவே கூடாது என்பதில்லை. ஷெல்லை மாற்றும் முன் மைக்ரோமீட்டரால் பின்னைப் பல திசைகளில் அளக்க வேண்டும். வட்டம் போயிருந்தால் லேத் பட்டறையில் 0.25 மி.மீ. குறைத்துச் சாணை பிடித்து, அதற்கேற்பத் தடித்த அண்டர்சைஸ் ஷெல் போடலாம். இடைவெளி பார்க்கப் பிளாஸ்டிகேஜ் என்ற மென்மையான பிளாஸ்டிக் இழை கிடைக்கிறது. இழையைப் பின்மேல் வைத்து, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் எஞ்சின் கையேடு சொன்ன அளவுக்கு மூடியை முடுக்கி, தண்டைத் திருப்பாமல் மறுபடி கழற்றினால், நசுங்கிய அகலம் இடைவெளியைச் சொல்லிவிடும்.

எல்லாம் மாட்டிய பிறகு சாவியைத் திருப்பும் அவசரம்தான் கடைசிக் கண்டம். முதல் சில சுற்றுகளுக்குப் படலம் இருக்காது. மாட்டும்போது ஷெல்லில் தடவிய எண்ணெய்தான் ஒரே காப்பு. டீசல் எஞ்சினில் டீசல் வரத்தை நிறுத்தும் ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்தபடி, இடையிடையே நிறுத்தி நிறுத்தி ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றவிட வேண்டும், பிரஷர் முள் அசையும் வரை.