பாட்டு என்னுடையது, பதிவு யாருடையது?

2019-இல், ஆடி மாதம், ஒரு விளம்பர நிறுவனத்திலிருந்து ஃபோன் வந்தது. என் முதல் ஆல்பத்தில் இருக்கும் ஒரு பாட்டிலிருந்து 30 விநாடி வேண்டும் என்றார்கள். மழைக்கால விளம்பரமாம். அவர்கள் சொன்ன தொகை என்னுடைய எட்டு மாத வீட்டு வாடகை. எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் பேசி முடித்தபின், ஃபோனில் பேசிய பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மாஸ்டர் யார்கிட்ட இருக்குங்க?"

ஹார்ட் டிஸ்க்கைக் கேட்கிறார் என்று நினைத்து, "ஸ்டூடியோவில் இருக்கிறது, நாளைக்கே வாங்கித் தருகிறேன்" என்றேன்.

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பொறுமையாக விளக்கினார். அவர் கேட்டது கோப்பு எங்கே இருக்கிறது என்பதை அல்ல, அந்த ஒலிப்பதிவுக்குச் சொந்தக்காரர் யார் என்பதை. அந்த ஆல்பத்துக்கு அரேஞ்ச்மென்ட், அதாவது இசைக்கோர்ப்பு, செய்த நண்பரைக் கூப்பிட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "நான்தானே புரொடியூசர்? மாஸ்டர் என்னுதுதான்." ஒன்பது நாள் பேசினோம், பாதி நாள் கத்தினோம். பத்தாவது நாள் விளம்பரக்காரர்கள் வேறு பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

பன்னிரண்டு வருடங்களாகச் சென்னையில் சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டமைத்து, பாடி வருகிறேன். மூன்று ஆல்பம் வந்திருக்கிறது, நான்காவது ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் என்னிடம் எந்த மைக் வாங்கலாம், எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் நல்லது என்று கேட்பார்கள். அதைப் பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன்.

நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. மனை அப்பா பேரில் இருக்கும், மேலே கட்டிய வீடு மகன் பேரில் இருக்கும். விற்கப் போனால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பாட்டும் அப்படித்தான். வரிகளும் மெட்டும் மனை. அதைப் பாடி, வாசித்து, மிக்ஸ் செய்து வெளியிடும் ஒலிப்பதிவு மேலே எழும் கட்டடம். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் இவற்றைத் தனித்தனிப் படைப்பாகவே பார்க்கிறது. வரிக்கு எழுதியவரும் இசைக்கு மெட்டமைத்தவரும் ஆசிரியர்கள். ஒலிப்பதிவுக்கு ஆசிரியர் அதன் தயாரிப்பாளர். விளம்பரத்திலோ படத்திலோ உங்கள் பதிவைப் பயன்படுத்த இரண்டு பக்கத்து அனுமதியும் வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லையென்றால் அந்த பேரம் நடக்காது. எனக்கு நடக்காததுபோல.

2017-இல் அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனபோது டீக்கடை வரைக்கும் இந்தப் பேச்சுதான். "பாடினவருக்கே பாட உரிமை இல்லையா?" என்று ஊரே கேட்டது. யார் பக்கம் நியாயம் என்பதை விடுங்கள். பாடியவர், மெட்டமைத்தவர், பதிவை வைத்திருப்பவர் ஆகிய மூவரும் சட்டத்தின் முன் மூன்று தனி ஆட்கள் என்று நம்மில் பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தனியிசைக்காரர்களான நாம் மூன்று வேலையையும் ஒரே ஆளாகச் செய்கிறோம். அதனாலேயே இந்தப் பிரிவு நம் கண்ணில் படுவதில்லை.

என் நண்பர் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவரைக் கவிழ்த்தது ஒரு சொல். ஸ்டூடியோவில் 'மியூசிக் புரொடியூசர்' என்றால் பீட் போட்டு, கருவிகளை அடுக்கி, பாட்டுக்கு ஒரு உருவம் தருபவர். சட்டத்தில் தயாரிப்பாளர் என்றால், அந்தப் பதிவை உண்டாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர். யார் முடிவெடுத்து, யார் ஆட்களைக் கூட்டி, யார் செலவை ஏற்றார்கள் என்றுதான் பொதுவாகப் பார்ப்பார்கள். ஒரு பாட்டுக்கு 12,000 ரூபாய் வீதம் அவருக்குக் கொடுத்தது நான். வயலின்காரருக்கு, மிக்ஸிங்குக்கு, மாஸ்டரிங்குக்கு எல்லாம் கொடுத்ததும் நான்தான். ஆனால் ஒரு ரசீது கூட இல்லை. பாதிப் பணம் கையில் கொடுத்தது. அதோடு ஆல்பத்தின் பின்னட்டையில் 'புரொடியூஸ்டு பை' என்று அவர் பெயரை நானே ஆசையாகப் போட்டிருந்தேன்! வெளியில் இருந்து பார்க்கிறவர் யாரை நம்புவார்?

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த ஆல்பத்தின் இரண்டாவது பாட்டின் நடுவில் வரும் புல்லாங்குழல் பகுதி அவருடைய கற்பனை. அதைக் கேட்டுத்தான் பலர் அந்தப் பாட்டையே அடையாளம் கண்டுகொள்கிறார்கள். அப்படியானால் மெட்டிலும் அவருக்குப் பங்கு உண்டா? கேட்டால் நியாயமான கேள்விதான். பாட்டு யாருக்கும் தெரியாமல் கிடந்த நாளில் கேட்டிருந்தால் ஒரு காபிக்குள் முடிந்திருக்கும். பணம் வாசலில் நிற்கும்போது கேட்டதால் நட்பே போனது.

இப்போது நான் ஒரு பக்கத் தாள் வைத்திருக்கிறேன். ஸ்பிளிட் ஷீட் என்பார்கள். பாட்டின் பெயர், பதிவு நடந்த தேதிகள், வரியில் யாருக்கு எத்தனை சதவீதம், மெட்டில் யாருக்கு எத்தனை, பதிவு யாருக்குச் சொந்தம், வாசித்தவர்கள் யார் யார், அவர்களுக்கு என்ன கொடுத்தோம், இனிமேல் ஏதாவது வந்தால் பங்கு உண்டா இல்லையா. அவ்வளவுதான். வக்கீல் பார்த்தால் இன்னும் நல்லது, ஆனால் வக்கீலுக்காகக் காத்திருந்து தாளே போடாமல் இருப்பதைவிட நீங்களே எளிய தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குவது எவ்வளவோ மேல். ஏனென்றால் சட்டப்படி உரிமையை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். வாய்ப்பேச்சில் "எல்லாம் உனக்குத்தான் மச்சான்" என்றால் மாறாது.

யாராவது உங்களிடம் ஒப்பந்தம் நீட்டினாலும் இதே சட்டம் கைகொடுக்கும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாமல் விட்டால் ஐந்து வருடம் என்றே கொள்ளப்படும். எந்த நாடு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இதைத் தெரிந்தவர்கள்தான் 'நிரந்தரமாக, உலகெங்கும்' என்று கவனமாக எழுதுவார்கள். அந்த இரண்டு சொல்லையும் எந்த ஒப்பந்தத்தில் பார்த்தாலும் பேனாவைக் கீழே வையுங்கள். முடியாது என்று சொல்லச் சொல்லவில்லை. மூன்று வருடம், இன்னின்ன ஊடகம் என்று திருத்தி அனுப்பிப் பாருங்கள். எனக்குத் தெரிந்து பாதிப் பேர் ஒப்புக்கொள்கிறார்கள். முதலில் பெரிதாகக் கேட்டுப் பார்ப்பது அவர்கள் வழக்கம்.

2012-இல் வந்த திருத்தம் எழுதுபவர்களுக்கும் மெட்டமைப்பவர்களுக்கும் இன்னொன்றும் தந்தது. படத்துக்காகவோ ஒலிப்பதிவுக்காகவோ உங்கள் படைப்பின் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை உங்களால் விட்டுக்கொடுக்கவே முடியாது. கையெழுத்துப் போட்டாலும் அந்த நிபந்தனை செல்லாது. இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதற்காகப் பேசியது பலருக்கு நினைவிருக்கலாம்.

ஆனால் அந்த ராயல்டி தானாக வந்து கதவைத் தட்டாது. இங்கேதான் நான் ஐந்து வருடம் தூங்கினேன். டிஸ்ட்ரோகிட், சிடி பேபி, ட்யூன்கோர் மாதிரி விநியோகஸ்தர்கள் மூலம் ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் பாட்டை ஏற்றுகிறோம். மாதா மாதம் ஏதோ சில்லறை வருகிறது. இவ்வளவுதான் போலிருக்கிறது என்று இருந்துவிடுகிறோம். அது கட்டடத்து வாடகை மட்டும். மனைக்கான வாடகை, அதாவது வரிக்கும் மெட்டுக்குமான ராயல்டி, வேறு வழியில் போகிறது. அதை வசூலித்துப் பிரித்துத் தருவது ஐ.பி.ஆர்.எஸ். (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி) என்கிற சங்கம். 1969-இல் தொடங்கியது, தலைமையகம் மும்பையில். நீங்கள் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் அங்கே பதிந்தால்தான் அது உங்கள் பெயருக்கு வரும். நான் சேர்ந்த பிறகு முதலில் வந்த தொகையில் பெரிதாக ஒன்றும் வாங்க முடியாது, ஒரு நல்ல கிட்டார் ஸ்ட்ராப் வாங்கினேன். ஆனாலும் அது இத்தனை நாளாகக் கேட்பாரற்றுக் கிடந்த பணம்.

ஸ்ட்ரீமிங்கில் கோடி கிடைக்கும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ஒரு தடவை கேட்டால் இத்தனை பைசா என்று நிலையான விலை கிடையாது. மொத்த வருமானத்தில் உங்கள் பங்கு எவ்வளவோ அவ்வளவுதான். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் பதிவுக்கான பணமே கணக்கில் சேரும்.

அந்தப் பழைய ஆல்பத்தில் இன்னொரு தவறும் செய்தேன். என்னிடம் அப்போது கிரெடிட் கார்டு இல்லாததால் விநியோகக் கணக்கு நண்பரின் பெயரில் இருந்தது. சண்டைக்குப் பிறகு அவர் வருடச் சந்தாவைக் கட்டவில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் ஆறு பாட்டும் காணோம்! மறுபடி என் கணக்கில் ஏற்றும்போது ஐ.எஸ்.ஆர்.சி. என்று ஒன்று இருப்பதே தெரியாமல் புது எண்ணோடு ஏற்றினேன். மூன்று வருடத்துப் பிளே கவுன்ட் பூஜ்யத்துக்குப் போனது. ஒவ்வொரு பதிவுக்கும் எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 12 இடங்கள் கொண்ட ஒரு குறியீடு உண்டு, அதுதான் ஐ.எஸ்.ஆர்.சி. வேறு விநியோகஸ்தருக்கு மாறினாலும் அதே பதிவுக்கு அதே குறியீட்டைத்தான் கொடுக்க வேண்டும். ரீமிக்ஸ் என்றால் புதிது. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். அம்மா பேரில் கூட வேண்டாம்.

ஸ்டூடியோவை விட்டுக் கிளம்பும் முன் ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி ஸ்டெம்களாக (குரல், தாளம், கருவி என்று பிரித்த கோப்புகளாக), 24 பிட் தரத்தில், குரல் இல்லாத வடிவத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். விளம்பரக்காரர்கள் குரல் இல்லாததைத்தான் முதலில் கேட்பார்கள்.

பீட், அதாவது ஏற்கெனவே செய்து வைத்த பின்னணி இசை, வாங்கிப் பாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரையிலிருந்து ஒரு பையன் வந்தான். அருமையான ராப், வரி ஒவ்வொன்றும் சுடுகிறது. அவன் வீடியோவுக்கே யூடியூபில் உரிமைக் கோரல் வந்திருந்தது, அதுவும் முன்பின் தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரரிடமிருந்து. இவன் இணையத்தில் வாங்கிய பீட் விற்பனை அல்ல, குத்தகை. அதே பீட்டைக் குத்தகைக்கு எடுத்த இன்னொருவர் தன் பாட்டைக் கன்டென்ட் ஐடியில் (ஒலியை ஒப்பிட்டுத் தானாகவே உரிமை கோரும் யூடியூபின் முறை) சேர்த்துவிட்டார். இயந்திரத்துக்கு யார் முன்னே யார் பின்னே என்று தெரியாது, பீட் ஒன்றுபோல இருக்கிறது, அவ்வளவுதான். குத்தகை பீட், ரெடிமேட் லூப் இவற்றை வைத்துச் செய்த பாட்டைக் கன்டென்ட் ஐடியில் சேர்க்கவே கூடாது. முகம் தெரியாத அந்த ஆளும் செய்திருக்கக் கூடாது, இந்தப் பையனும் செய்யக் கூடாது.

கச்சேரி பற்றி நிறைய எழுதலாம், இன்றைக்குக் கொஞ்சம். அட்வான்ஸ் பாதி வாங்காமல் வண்டி ஏறாதீர்கள். "நல்ல கூட்டம் வரும், உங்களுக்கு எக்ஸ்போஷர்" என்பவர்களிடம் சவுண்ட்காரருக்கும் எக்ஸ்போஷர்தானா என்று கேளுங்கள். பேசிய தொகையில் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்தால் சண்டை போட வேண்டாம். அதை உங்கள் பான் எண்ணில் கட்டினார்களா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கிவிடலாம். திறந்தவெளி மேடை என்றால் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும், அது ஒலி மாசு விதி. ஒன்பதரைக்கு மேடை ஏறினால் உங்களுக்கு மிஞ்சுவது அரை மணி நேரம், சவுண்ட் செக்கையும் அதிலேயே பார்க்க வேண்டியிருக்கும். அதனால் மேடை ஏறும் நேரத்தையும் எழுத்தில் வாங்குங்கள். என்ன பாடினோம் என்ற செட் லிஸ்டை ஏற்பாட்டாளரிடம் கொடுத்துவிட்டு, ஒரு பிரதியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தப் பாட்டு பொது மேடையில் ஒலித்தாலும் அதற்கான ராயல்டி மனை வாடகைக் கணக்கில், ஐ.பி.ஆர்.எஸ். வழியாகத்தான் வரும்.

பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் சட்டத்தில் இடம் கிடைத்ததே தாமதமாகத்தான். 1977-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் திரைப்பாட்டின் உரிமையைப் படத் தயாரிப்பாளர்கள் பக்கம் வைத்தபோது, நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். பாடுபவருக்கு நம் சட்டம் எதுவுமே தரவில்லையே என்பதுதான் அதன் சாரம். 1994 திருத்தத்தில்தான் நிகழ்த்துக் கலைஞருக்கு என்று ஓர் உரிமை நுழைந்தது. ராயல்டி என்ற பேச்சு 2012-இல்.

போன மாதம் நான்காவது ஆல்பத்துக்கு ஒரு நாகஸ்வர வித்வானை அழைத்திருந்தேன். அறுபதைத் தாண்டியவர். படப் பதிவுகளில் நாற்பது வருடமாக வாசித்திருக்கிறார். ஒரே டேக்கில் முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்தார்.

"இது எதுக்கும்மா?"

சொன்னேன். பாட்டு பின்னால் எங்காவது விலை போனால் இவருக்கும் இத்தனை சதவீதம் என்று எழுதியிருந்த இடத்தைக் காட்டினேன். அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாசித்தவர் என்ற கட்டத்தில் நான் டைப் செய்திருந்த தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பெயருக்கு முன்னால் தன் ஊரைச் சேர்த்து எழுதினார்.

"இப்படிப் போடும்மா. ஊர் இல்லாம போட்டா யாருன்னு தெரியாது."