பத்தாயிரம் ரூபாய் போன்: பெட்டியின் மேல் எழுதாதவை

உணவு டெலிவரி செய்யும் தம்பி ஒருவர் புதுப் போனோடு கடைக்கு வந்தார். வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. "அண்ணே, மேப் பைத்தியம் புடிச்ச மாதிரி காட்டுது. எந்தப் பக்கம் திரும்பணும்னே தெரியல. ஜி.பி.எஸ். போயிடுச்சு போல" என்றார்.

ஜி.பி.எஸ். நன்றாகத்தான் இருந்தது. அந்தப் போனில் காம்பஸ் சென்சார் கிடையாது. பழுதில்லை, தயாரித்தவர்கள் வைக்கவே இல்லை. வண்டி ஓடும்போது இடம் மாறுவதை வைத்து மேப் திசையைக் கணித்துவிடும். முச்சந்தியில் நின்றுவிட்டால், நாம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று அதற்குத் தெரியாது. இதில் நான் எதைக் கழற்றி எதை மாட்டுவது? ஆன்லைனில் வாங்கியது, திருப்பித் தரும் ஏழு நாளும் முடிந்திருந்தது.

பதினான்கு வருடமாகப் போன் சர்வீஸ் செய்கிறேன். 10,000 ரூபாய்ப் போனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் மேசைக்கு வருவதில் பாதிக்கு மேல் அதுதான், என் வீட்டிலும் அதுதான். ஆனால் அந்த விலைக்குக் கொண்டுவர எங்கெங்கோ கைவைத்திருப்பார்கள். அது பெட்டியில் இருக்காது. பெட்டியில் 50 மெகாபிக்சல் இருக்கும், 5000 எம்.ஏ.ஹெச். இருக்கும்.

என்னிடம் அதிகம் வரும் புகார் "ஸ்லோவாயிடுச்சு". எல்லோரும் ராமை, அதாவது ஆப் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகத்தைத் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி, படமும் ஆப்பும் தங்கும் ஸ்டோரேஜ். 64 ஜி.பி., 128 ஜி.பி. என்று அளவைப் போடுவார்கள். வகையைச் சொல்ல மாட்டார்கள். மலிவான போன்களில் வருவது இ.எம்.எம்.சி.; கொஞ்சம் மேலே போனால் யூ.எஃப்.எஸ். இ.எம்.எம்.சி. என்பது ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாலம் மாதிரி. அந்தப் பக்கம் வண்டி போனால் இந்தப் பக்கம் காத்திருக்க வேண்டும். எழுதும்போது படிக்க முடியாது, படிக்கும்போது எழுத முடியாது. யூ.எஃப்.எஸ்.-இல் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். பிளே ஸ்டோர் பின்னால் ஏதோ அப்டேட் செய்துகொண்டிருக்கும்போது வாட்ஸ்அப்பைத் திறந்தால் போன் திணறுகிறதே, அது இந்தப் பாலத்து நெரிசல்தான். கம்பெனியின் இணையதளத்தில் விவரப் பட்டியலைப் பாருங்கள். யூ.எஃப்.எஸ். என்றால் பெருமையாகப் போட்டிருப்பார்கள். ஒன்றுமே போடவில்லையா? இ.எம்.எம்.சி. என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோரேஜ் நிரம்ப நிரம்ப இன்னும் மோசமாகும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போனில் 64-இல் ஒரு ஜி.பி.கூட மிச்சமில்லை. பாதி இடத்தை அடைத்திருந்தது காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும். அழித்ததும் போன் எழுந்து நடந்தது. அவர்தான் வருத்தப்பட்டார், முருகர் படமெல்லாம் போச்சே என்று. 64 ஜி.பி.யில் சிஸ்டமே பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும். இன்றைக்கு வாங்குவதானால் 128-க்குக் கீழே இறங்காதீர்கள்.

"8 ஜி.பி. ராம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும், பக்கத்தில் பொடியாக 4+4. அந்த இரண்டாவது நாலு ராமே இல்லை, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. மேலே சொன்ன அதே பாலத்தின் மேல்தான் அதுவும் ஓட வேண்டும்.

கேமராவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பின்னால் மூன்று வட்டம் இருந்தால் உருப்படியாகப் படம் எடுப்பது ஒன்றுதான். மிக அருகில் வைத்துப் படம் எடுக்க என்று வைக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ எல்லாம் எண்ணிக்கைக்கு. அந்த 50 மெகாபிக்சலும் சாதாரணமாக நாலு புள்ளியை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் தரும். அது தப்பில்லை, இரவில் அதுதான் நல்லது.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். இந்த விலைப் போன்களில் பேட்டரி நிஜமாகவே நிற்கும். காரணம், திரை 720 பிக்சல் அகலம்தான், சிப்பும் அதிகம் இழுக்காது. பிளாஸ்டிக் முதுகு கீழே விழுந்தால் கீறும், நொறுங்காது. ஹெட்போன் துளையும் மெமரி கார்டு இடமும் பல மாடல்களில் இன்னும் இருக்கின்றன. விலை உயர்ந்த போன்களில் அவை எப்போதோ போய்விட்டன. எல்.சி.டி. திரை உடைந்தால் காம்போ, அதாவது திரையும் டச் கண்ணாடியும் சேர்ந்த பாகம், மாற்ற ஆகும் செலவு தாங்கக்கூடியது. அதே போனில் ஆமோலெட் என்ற விலை கூடிய திரை இருந்தால், மாற்றும் செலவைக் கேட்டுப் புதுசே வாங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பியவர்கள் உண்டு. ஆனால் எல்.சி.டி.யைக் கடைக்குள் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டெமோ பீஸை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

வாசலுக்குப் போனதும் மேப்பையும் திறந்துவிடுங்கள். நீலப் புள்ளியிலிருந்து டார்ச் அடித்த மாதிரி ஒரு வெளிச்சம் வரும். நின்ற இடத்திலேயே நீங்கள் திரும்பினால் அதுவும் திரும்ப வேண்டும். அப்புறம் யாருக்காவது கால் போட்டுக் காதில் வையுங்கள். திரை சட்டென்று அணைய வேண்டும். சில போன்களில் அதற்கான சென்சாரும் இல்லை, மென்பொருளை வைத்துச் சமாளிக்கிறார்கள். பேசும்போதே கன்னம் பட்டுக் கால் கட்டாகிறது என்று வருபவர்களின் போன் பெரும்பாலும் அந்த ரகம்.

5ஜி என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பாதீர்கள். 2022 அக்டோபரில் இங்கே 5ஜி தொடங்கியபோது ஜியோ எஸ்.ஏ. முறையிலும் (5ஜி தனித்தே இயங்கும்) ஏர்டெல் என்.எஸ்.ஏ. முறையிலும் (4ஜி நெட்வொர்க்கின் துணையோடு இயங்கும்) வந்தன. எஸ்.ஏ. மட்டும் உள்ள போனை வாங்கிவிட்டு, என்.எஸ்.ஏ. மட்டும் இருக்கும் பகுதியில் உட்கார்ந்தால் 4ஜிதான். உங்கள் சிம்முக்குப் பொருந்துமா என்று முதலில் கேளுங்கள்.

பழைய போன் வாங்குபவர்களுக்கு ஒன்று. *#06# அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண் வரும். ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்று மூன்று எழுத்து தட்டி, இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். அந்த எண் முடக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும். காசு கொடுப்பதற்கு முன்னால் செய்யுங்கள். கொடுத்துவிட்டு என்னிடம் வந்தால் டீ மட்டும்தான் வாங்கித் தர முடியும்.

அந்த டெலிவரி தம்பி அதே போனைத்தான் வைத்திருக்கிறார். வழி குழம்பினால் வண்டியைப் பத்தடி உருட்டிப் பார்க்கிறார். அம்பு திரும்பியதும் கிளம்பிவிடுகிறார்.