வைஃபை கன்ட்ரோலரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

"கட்டுப்படுத்தி இணைப்பைச் சரிபார்க்கவும்."

கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தபோது நானே எழுதிய வரி இது. மறுநாள் படித்துப் பார்த்தேன். எதைக் கட்டுப்படுத்திவிட்டு இணைப்பைச் சரிபார்ப்பது என்று எனக்கே புரியவில்லை. கன்ட்ரோலர் என்ற கருவியைத்தான் சொல்ல வந்தேன். படிப்பவர் கண்ணுக்கு அது பெயர்ச்சொல்லாகத் தெரியாமல், பாதியில் நிற்கும் வினையாகத் தெரிகிறது. அன்றிலிருந்து இந்தச் சொல்லோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். வைஃபை அலையை வெளியிடும் பெட்டிக்கு ஆக்சஸ் பாயின்ட் என்று பெயர். வேலை செய்பவர்கள் வாயில் அது ஏபி. வீடுகளில் ரூட்டரும் ஏபியும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடுவதால் எல்லாவற்றையும் ரூட்டர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அலுவலகம், மருத்துவமனை, விடுதி என்று இடம் பெரிதானால் கூரையில் பத்து, இருபது ஏபிகள் தொங்கும். அவற்றை ஒவ்வொன்றாக மேய்க்காமல் ஒரே இடத்தில் இருந்து நிர்வகிக்கும் கருவியோ மென்பொருளோதான் கன்ட்ரோலர்.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஓர் அலுவலகத்தில் 12 ஏபிகள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. வைஃபை கடவுச்சொல்லை மாற்றச் சொன்னார்கள். ஒவ்வொன்றின் ஐபி முகவரியையும் உலாவியில் அடித்து, உள்ளே போய், மாற்றி, சேமித்து, அது மறுபடி எழுந்து வரும்வரை காத்திருந்து முடிப்பதற்குள் பாதி நாள் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து ஒரு புகார்: கிடங்கு அறைப் பக்கம் போனால் மட்டும் வைஃபை அறுந்துபோகிறது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், கூரைத் தட்டிக்கு மேலே பன்னிரண்டாவது ஏபி பழைய கடவுச்சொல்லோடு உட்கார்ந்திருக்கிறது. வைஃபை பெயர் ஒன்றுதான் என்பதால் போன்கள் அதில் ஒட்டப் பார்க்கின்றன, அது விரட்டிவிடுகிறது. என் பட்டியலில் 11 வரிதான் இருந்தது.

இந்தப் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோல் என்ற சொல் பிறந்ததே ஒரு பட்டியலில் இருந்துதான்.

இடைக்கால லத்தீனில் 'கான்ட்ரா' என்றால் எதிர், 'ரோட்டுலஸ்' என்றால் சுருள். ஒரு கணக்கர் தோல் சுருளில் வரவு செலவு எழுதி வைப்பார். அவரை மட்டும் நம்பிவிடாமல், அதே கணக்கை இன்னொருவர் வேறொரு சுருளில் எழுதி வைப்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் திருட்டும் தப்பும் தெரிந்துவிடும். அந்த எதிர்ச்சுருள்தான் 'கான்ட்ராரோட்டுலஸ்'. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ஒப்பிட்டுச் சரிபார்த்தல் என்ற பொருளில் புழங்கி, பிறகுதான் அடக்கி ஆளுதல் என்ற பொருளுக்கு நகர்ந்தது. கணக்குத் தணிக்கைப் பதவிகளில் 'கம்ப்ட்ரோலர்' என்று எழுதுகிறார்களே, அது இதே சொல்தான். கணக்கு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லோடு உறவு இருப்பதாகத் தப்பாக நினைத்து யாரோ திருத்திவிட்டார்கள். சொல்லின் வேரும் திருத்தியவர் கணக்கும் ஒத்துப்போகவில்லை. அதைப் பிடிக்க அன்று எதிர்ச்சுருள் இல்லை போலிருக்கிறது.

சரி, இதற்கும் வைஃபைக்கும் என்ன? ஒரு ஏபி மின்சாரம் வந்து விழித்ததும் என்ன செய்கிறது என்று பாருங்கள். முதலில் தன் கன்ட்ரோலர் எங்கே என்று தேடும். அதே வலையமைப்புக்குள் கூவிப் பார்க்கும், கருவிகளுக்கு ஐபி முகவரி பங்கிடும் டிஹெச்சிபி தந்த பதிலில் கன்ட்ரோலரின் முகவரி இருக்கிறதா என்று பார்க்கும், பெயரைச் சொன்னால் முகவரி தரும் டிஎன்எஸ்ஸிடம் கேட்கும். கண்டுபிடித்ததும் தன் விவரத்தைச் சொல்லும். கன்ட்ரோலரிடம் அந்த ஏபிக்கான அமைவுகளின் பிரதி ஒன்று இருக்கும்: வைஃபை பெயர், கடவுச்சொல், அலைவரிசை எண், அலையின் வலு. ஏபியிடம் இருப்பதும் இதுவும் ஒத்துப்போகவில்லை என்றால், தன்னிடம் உள்ளதை அனுப்பிச் சரிசெய்யும். சுருளும் எதிர்ச்சுருளும்தான். கிடங்கு அறை ஏபி இதில் தப்பியிருக்க முடியாது.

ஆனால் எல்லாக் கன்ட்ரோலரும் பதிவேட்டோடு நின்றுவிடுவதில்லை. 2009இல் வந்த ஆர்எஃப்சி 5415 என்ற இணையத் தர ஆவணம், ஏபியும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் கேப்வேப் என்ற நெறிமுறையை வரையறுக்கிறது. அதில் இரண்டு பாதைகள்: கட்டளைகள் போக யுடிபி போர்ட் 5246, பயனர்களின் தரவு போக 5247. இரண்டாவது பாதையையும் பயன்படுத்தும் அமைப்பில், உங்கள் போனில் இருந்து போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் கன்ட்ரோலர் வழியாகத்தான் வெளியே போகும். அங்கே மாற்று ஏற்பாடு இல்லாமல் கன்ட்ரோலர் படுத்தால் வைஃபையும் படுத்துவிடும். இன்னொரு வகை, யூபிக்விட்டி நிறுவனத்தின் யூனிஃபை போன்றது. அதில் கன்ட்ரோலர் கணினியை அணைத்துவிட்டாலும் ஏபிகள் கடைசியாக வாங்கிய அமைவோடு தம் பாட்டுக்கு ஓடும். புதிதாக எதையும் மாற்ற முடியாது, விருந்தினர் நுழைவுப் பக்கம் வராது, அவ்வளவுதான். கன்ட்ரோலர் தனிப் பெட்டியாக இருக்கலாம், மென்பொருளாக இருக்கலாம், இணையத்தின் வழியே எட்டும் மேகத்தில் (கிளவுட்) இருக்கலாம், ஏபிகளில் ஒன்றே தலைமை ஏற்கலாம். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது எங்கே இருக்கிறது என்பதைவிட, அது இல்லாமல் போனால் எது நிற்கும் என்பதுதான்.

அடக்கி ஆளும் வேலையும் கொஞ்சம் உண்டு. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகளாக வழக்கத்தில் இருப்பவை 1, 6, 11 மூன்றும்தான். பக்கத்து ஏபிகள் இரண்டும் 6இல் கத்திக்கொண்டிருந்தால் ஒன்றை 11க்கு நகர்த்து என்று சொல்ல, எல்லாவற்றையும் மேலிருந்து பார்ப்பவர் ஒருவர் வேண்டும். ஆனால் நீங்கள் நடந்து போகும்போது எந்த ஏபிக்குத் தாவுவது என்ற முடிவு உங்கள் போனுடையது. வைஃபை தரமான 802.11இன் கே, வி, ஆர் என்ற சேர்க்கைகள் அதற்கு வழிகாட்டும், தாவலை விரைவாக்கும், முடிவெடுக்காது. தூரத்து ஏபியை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் போன் முன்னால் கன்ட்ரோலரும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

இனித் தமிழ்ச் சொற்கள். வைஃபைக்கு அருகலை என்ற சொல் ஓரளவு வேர்பிடித்துவிட்டது. அருகு, அலை, அழகாகத்தான் இருக்கிறது. ஆக்சஸ் பாயின்ட்டுக்கு அணுகல் புள்ளி என்கிறார்கள். ஆக்சஸ் என்பதன் லத்தீன் வேருக்கும் கிட்டே போதல் என்பதுதான் பொருள் என்பதால் அணுகு என்பது கச்சிதம். புள்ளிதான் இடறுகிறது. தமிழில் புள்ளி என்றால் கோலத்தில் வைப்பது, இல்லாவிட்டால் ஊரில் பெரிய ஆள். அணுகுமுனை எனக்குப் பிடித்திருக்கிறது.

கன்ட்ரோலருக்கு அகராதிகள் தருவது கட்டுப்படுத்தி. அதன் சிக்கல் இலக்கணத்தில் இருக்கிறது. கட்டுப்படுத்து, வழங்கு, உலாவு, மாற்று போன்ற வினைகளின் எச்சம் 'இ'யில் முடியும். கருவிப் பெயரும் 'இ'யில் முடிந்தால் இரண்டும் ஒரே உருவமாகிவிடுகிறது. வழங்கி, உலாவி இரண்டும் இதே நோயோடுதான் பிறந்தன. புழக்கம் அவற்றைக் காப்பாற்றிவிட்டது. கட்டுப்படுத்திக்கு இன்னும் அந்த அளவு புழக்கம் வரவில்லை.

மாற்றாகக் கண்காணி என்று சொல்லிப் பார்த்தேன். மேற்பார்வையாளர் என்ற பொருளில் ஆங்கிலத்துக்கே போன தமிழ்ச் சொல் அது. எச்சக் குழப்பமும் இல்லை, கண்காணித்து என்றுதான் வரும். ஆனால் தோட்டத் தொழிலாளர்களை மேய்த்த கண்காணிகளின் நினைவு அதில் இருக்கிறது, இன்று கண்காணிப்பு என்றால் கேமராதான் ஞாபகம் வருகிறது. ஒருங்கிணைப்பி என்பது பொருளுக்கு இன்னும் கிட்டே வருகிறது; ஆனால் யாரும் தேடிக் கண்டுபிடிக்கப்போவதில்லை. அதனால் இப்போதைக்கு நான் எழுதுவது 'மையக் கட்டுப்படுத்தி', அதையும் வேற்றுமை உருபு இல்லாமல் தனியே நிற்க விடுவதில்லை. "மையக் கட்டுப்படுத்தியுடன் உள்ள இணைப்பைச் சரிபார்க்கவும்" என்றால் யாரும் தடுமாற மாட்டார்கள். பேச்சில் "ஏபி கன்ட்ரோலர்ல ஏறல" என்பதை மாற்ற நான் முயலப்போவதில்லை.

கன்ட்ரோலர் திரையில் அடுத்ததாக மாட்டுவது 'அடாப்ட்' என்ற பொத்தான். சேர் என்று போட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பழைய கன்ட்ரோலர் ஒன்றின் கீழ் இருந்த ஏபியைப் புதியதில் இழுத்துப் பாருங்கள். வேறொருவரிடம் இருக்கிறது என்று சொல்லி வர மறுக்கும். பழையது அதை விடுவிக்க வேண்டும், இல்லையென்றால் ஏபியின் பொத்தானை ஊசியால் அழுத்திப் பிடித்து எல்லாவற்றையும் மறக்கடிக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் புது உறவு. அதனால் தத்தெடு என்றே எழுதிவிட்டேன்.